சீல் இல்லாத மீட்டர்

இருபத்தேழு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவரை ஊர் ரீடிங்காரர் என்றுதான் கூப்பிட்டது. ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆன பிறகும் அதே பெயர்தான். தெருவில் அவரைத் தற்செயலாகப் பார்க்கிறவர்கள்கூட, வீட்டில் எந்த விளக்கை அணைக்காமல் வந்தோம் என்று ஒரு நொடி யோசிப்பது முகத்தில் தெரியும்.

அந்த வேலைக்குப் பெரிய திறமை ஒன்றும் வேண்டாம் என்றுதான் அவரும் நினைத்தார். எண் அங்கே இருக்கிறது. போக வேண்டும், பார்க்க வேண்டும், எழுத வேண்டும். ஆனால் போகாமலும் பார்க்காமலும் எழுதுவதற்கு அந்த ஆபீஸில் எல்லா வசதியும் இருந்தது. ரீடிங் புத்தகத்தில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. வீடு பூட்டியிருந்தால் 'பூ'. நாய் விடவில்லை என்றால் 'நா'. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்த எண்ணை அப்படியே எழுதிக்கொண்டால் 'சொ'. சொன்னதை எழுதியது என்று அர்த்தம். வெயில் ஏறிய பிறகு சிலருடைய புத்தகத்தில் 'சொ' மளமளவென்று பெருகும்.

ரீடிங்காரரின் புத்தகத்தில் ஒரு 'சொ' கிடையாது. ஒன்றுகூட. ஒரு வீட்டு நாய்க்காக அவர் ஐந்து முறை திரும்பப் போனார். ஆறாவது முறை நாய் வாலை ஆட்டிக்கொண்டு தானே மீட்டர் பெட்டிவரை கூட்டிப்போனது. இதை நேர்மை என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்க்காத எண் அவருக்கு எழுத வரவில்லை, அவ்வளவுதான். சிலருக்குப் பாட வராது, அதுபோல.

அவர் மனைவி செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்தாள். ஒரு கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இடது கை விரலால் எண்ணும் பொத்தானைத் தட்டிக்கொண்டே, வலது கையால் டீயைத் தேடி எடுத்துக் குடிக்கப் பழகியவள். ஊரின் மேற்கே மேட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கூடத்தின் காலை ஷிப்டுக்குப் பொறுப்பாளர் வேலைக்கு இரண்டு தடவை எழுதிப்போட்டு, இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை கடிதம் வந்தது. அடுத்த மாதத்தின் முதல் திங்கள்கிழமை சேர வேண்டும். வருகிறாயா இல்லையா என்பதை இந்தச் சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

ஷிப்டு ஆறு மணிக்குத் தொடங்கும். முதல் பஸ்ஸே ஐந்தே முக்காலுக்குத்தான். அதுவும் பாலம்வரை, அங்கே இறங்கி இன்னொன்று பிடிக்க வேண்டும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஏழேகாலுக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. தம்பியின் வேனில் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாள். ரீடிங்காரர் ஓட்டியது சைக்கிளோடு சரி.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை காலை அந்த ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே இருந்ததிலேயே விலை குறைந்த கார், பெட்ரோல் இல்லாமல் பேட்டரியில் ஓடுவது. மூக்கு என்று தனியாக எதுவும் இல்லாமல், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதில் பாதியில் நின்றுவிட்டதுபோல இருந்தது. நாலு பேர் உட்காரலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தவர்களாக இருக்க வேண்டும் என்று போடவில்லை. வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போடலாம். அந்த விஷயத்தில் ரீடிங்காரருக்குக் கவலை இல்லை. சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை எப்படிக் கொண்டுவருவது என்பதுவரை பார்த்து வைத்திருந்தார்.

விற்பனைக்கு நின்ற அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். கையில் ஃபைலோடு சிரித்த முகமாக வந்தாள். "ஒரு தடவை ஃபுல் சார்ஜ் போட்டா இருநூத்தி முப்பது கிலோமீட்டர் போகும் சார்."

"போனது யாரு?"

"கம்பெனியில டெஸ்ட் பண்ணியிருக்காங்க சார்."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் ஸ்கூட்டர்ல வர்றேன் சார்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம், அதே பாதையில், நல்ல பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். பாரத்துக்காக மனைவியின் தம்பியைக் கூட்டி வந்திருந்தார். அவன் பிளம்பர். தோளே ஒரு கதவு அகலம்.

"மாமா, நான் எதுக்கு வர்றேன்னு இப்பவாவது சொல்லுங்க."

"வெயிட்டுக்கு."

"அக்கா, கேட்டுக்கிட்டியா? சாக்கு மூட்டை மாதிரி ஏத்தறாரு."

"மூட்டை பேசாது. ஏறுடா," என்றாள் அக்கா.

ரீடிங்காரர் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்துதான் எண் தெரியும். விற்பனைக்கார அம்மாள் பின்னால், பிளம்பர் போக மிச்சமிருந்த இடத்தில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிளம்பும்போது திரையில் பேட்டரி எண்பத்திரண்டு. நோட்டை மடியில் வைத்து அதைக் குறித்துக்கொண்டார்.

பதினாறு கிலோமீட்டரும் அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. மனைவி பழைய கடைத்தெருவைத் தாண்டினாள், பாலத்தைத் தாண்டினாள், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆம்புலன்சுக்கு ஒதுங்கி வழி விட்டாள். எதையும் அவர் பார்க்கவில்லை. எண் குறையும்போதெல்லாம் வாய்விட்டுப் படித்து எழுதினார். எழுபத்தஞ்சு. எழுபத்துரெண்டு. ஆஸ்பத்திரியில் அறுபத்தொன்பது. பதின்மூன்று குறைந்திருந்தது. ஓட ஓடக் குறைகிறது, நியாயம் என்று தலையை ஆட்டினார்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. அறுபத்தாறு என்று எழுதிய மை காய்வதற்குள் திரையில் அறுபத்தேழு வந்தது.

"நிறுத்து."

"என்னங்க?"

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

அவள் ஓரம் கட்டினாள். அவர் திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு எதையோ தடவித் தேடினார்.

"சார், என்ன தேடறீங்க?"

"சீல். இந்த மீட்டருக்கு சீல் எங்கம்மா இருக்கு?"

"சீலா? அப்படி எதுவும் கிடையாது சார்."

"அதானே பாத்தேன்."

அவர் வேலையில் எண் பின்னால் நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு மீட்டருக்கும் கம்பி கோத்து ஈய சீல் வைப்பார்கள். இருபத்தேழு வருஷத்தில் பதினொரு வீடுகளில் அவர் அதைப் பிடித்திருக்கிறார். பதினொரு வீட்டிலும் அவருக்கு விளக்கம் கொடுத்தார்கள். காற்றடித்தது. பல்லி உள்ளே போய்விட்டது. எங்கள் மாமியார் ஈரத் துணியால் துடைத்தார். விளக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அவர் கண் சீலைத் தேடும். இப்போது விற்பனைக்கார அம்மாளும் விளக்கினாள். சரிவில் இறங்கும்போது சக்கரம் சுற்றுகிற வேகத்தையே மோட்டார் பிடித்துத் திரும்ப மின்சாரமாக்கிப் பேட்டரியில் போடும் என்றாள். அழகான விளக்கம்.

"செலவாகற பொருள் ஓட ஓடக் கூடுமா?" என்று கேட்டார். "இது ஏமாத்து வேலைம்மா."

அவள் முகம் சுண்டிப்போனது. பிளம்பருக்கே பொறுக்கவில்லை. "மாமா, ஒண்ணு கூடக் குடுத்தா வாங்கிப் போட்டுக்குவீங்களா, சண்டை போடுவீங்களா?"

"இன்னிக்கு ஒண்ணு கூடக் காட்டறது நாளைக்குப் பத்து குறைச்சுக் காட்டும்டா மாப்ளே. இருக்குன்னு காட்டும், இருக்காது. விடியறதுக்கு முன்னாடி உங்க அக்கா அந்தப் பாலத்து மேல தனியா நிக்கணுமா?"

மனைவி ஷோரூம் வாசலில் வண்டியை நேராக நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கினாள். கடைசி எண் அறுபத்து மூன்று.

புதன்கிழமை முழுக்க வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. உப்பு, சாவி, தண்ணீர் மோட்டார். வியாழக்கிழமை காலை செருப்பை மாட்டும்போது அவள் சொன்னாள்:

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

"சனிக்கிழமைவரைக்கும் நேரம் இருக்கே."

"எதுக்கு? சனிக்கிழமை மட்டும் அதுக்கு சீல் முளைச்சுடுமா?" செருப்பின் வாரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் அவரைத் தொந்தரவு செய்தது. "ஒரு நாளைக்கு அறுபது பேர் ரத்தத்தைப் பாத்து நான் நம்பர் எழுதறேங்க. அவங்க யாரும் மாடியேறி வந்து மைக்ராஸ்கோப்ப எட்டிப் பாக்கறதில்ல. நான் எழுதினதை மடிச்சு எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போறாங்க. அதை வெச்சு மருந்து சாப்பிடறாங்க."

அவள் படியிறங்கி, திருப்பத்தில் மறைந்தாள்.

நாம் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும், உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க முடியாது. ரீடிங்காரருக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் பதினாறு கிலோமீட்டர் என்பது நேரில் போய்ப் பார்க்க முடிகிற தூரம். நோட்டை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

பாலம்வரை பஸ். அங்கிருந்து நடை. அவர் வேலை பார்த்ததெல்லாம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பலகை போல் சமமான பழைய தெருக்களில். அந்தப் பக்கம் அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. நூறு அடி போனதும் முழங்கால் அவரிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் போனதும் மூச்சும் சேர்ந்துகொண்டது. காருக்குள் உட்கார்ந்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, சாலை இந்த அளவுக்கு மேலே ஏறுகிறது என்பது தெரியவே இல்லை. வீடுகளின் மதில் ஒரு ஓரம் இடுப்பளவும் மறு ஓரம் ஆளுயரமுமாக இருந்தது. தண்ணீர் லாரி ஒன்று முக்கி முனகிக்கொண்டு, நடக்கிற அவரை மெதுவாகத்தான் தாண்டிப் போனது. மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து ஆறு கிலோமீட்டரை முடித்தார். ஆஸ்பத்திரி வாசல் காவலாளி, நோயாளி என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பாக்க வந்தேன்," என்றார் ரீடிங்காரர்.

"எந்த வார்டு?"

"ரோட்ட."

காவலாளி நாற்காலியைத் திரும்பவும் ஓரமாக வைத்தார்.

இறங்குவது வேறு கதையாக இருந்தது. கால் தானாகவே போனது. செங்குத்தான இடத்தில் போகவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் வேலையாக இருந்தது. பின்னாலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே வந்தது. கேஸ் சிலிண்டர் ஏற்றிய மூன்று சக்கர சைக்கிள். ஓட்டி வந்தவர் பெடலை மிதிக்கவே இல்லை. பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து அவரைத் தாண்டிப் போனார்.

பாலத்தருகே அவர் வந்து சேரும்போது அந்த சைக்கிள் நின்றிருந்தது. ஓட்டியவர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தின் நடுவில் பிரேக் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றினார். சொய்ங் என்று ஆவி எழும்பியது.

"எதுக்குங்க தண்ணி?"

"சூடுங்க. மேல இருந்து பூரா பிடிச்சுக்கிட்டே வரணும்ல?"

"இவ்வளவு சூடா ஆகும்?"

"காலையில இதை மேல ஏத்தறதுக்குள்ள உயிர் போகுது. அவ்வளவும் இறங்கும்போது இங்கதான் வந்து எரியுது. என்ன, யாருக்கும் உதவாம எரியுது." இன்னும் தண்ணீர் படாத மறு சக்கரத்தைக் காட்டினார். "நம்பலேன்னா தொட்டுப் பாருங்களேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். இருபத்தேழு வருஷப் பழக்கத்தில் ரீடிங்காரர் தொட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் மனைவி வந்தபோது அவர் ஒரு டம்ளர் தண்ணீரில் ஆட்காட்டி விரலை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னது இது?"

"கொப்புளம்." விரலை எடுத்துக் காட்டினார். "அந்த வண்டி பொய் சொல்லல. ஏறும்போது எடுக்கறதுல கொஞ்சம் இறங்கும்போது திரும்ப வருது. சைக்கிள்ல வெறும் சூடாப் போறதை அது பிடிச்சு வெச்சுக்குது."

"இதைத்தானே அந்தம்மா செவ்வாய்க்கிழமையே சொன்னாங்க?"

"சொன்னாங்க. நான் இன்னிக்குத்தான் தொட்டேன்."

அவள் பையை வைத்துவிட்டு மருந்துக் குழாயைத் தேடி எடுத்து வந்தாள். விரலைப் பிடித்து, அடுத்தவர் விரலைப் பிடித்தே பழகிய கையால் அலுங்காமல் தடவினாள். "நல்ல வேளை, கரண்ட் இருக்கா இல்லையான்னு நீங்க இப்படிப் பாக்கப் பழகல."

"போன் பண்ணிட்டியா?" என்று கேட்டார். அதைக் கேட்பதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தார்.

அவள் மருந்துக் குழாயை மூடுவதில் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். "லைன் பிஸியா இருந்துச்சு."

"நாள் பூராவா?"

"ஒரு தடவைதான் போட்டேன்."

வெள்ளிக்கிழமை ஷோரூமுக்குப் போனதும் அவர் முதலில் அந்த விற்பனைக்கார அம்மாளிடம் போனார். நாலு பேர் இருக்கும்போதே, "அன்னிக்கு நான் ஏமாத்துன்னு சொன்னது தப்பு. வண்டியில தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல," என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. ஆனால் சொல்ல வேண்டியதை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

அவள் கொஞ்ச நேரம் ஃபைலின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தாள். "நானும் ஒண்ணு சொல்லணும் சார். போய்ப் பாத்தீங்களான்னு கேட்டீங்கள்ல, அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நேத்து எனக்கு லீவு. மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கிட்டுச் சுத்தினேன், சார்ஜ் தீர்ற வரைக்கும். இருநூத்தி முப்பது வரல சார். நூத்தி அறுபத்தஞ்சு."

ரீடிங்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தானாகவே முன்வந்து எண்ணைக் குறைத்துச் சொன்ன விற்பனைக்காரியை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. அதை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் மனைவியிடம், "கையெழுத்துப் போடு," என்றார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று பிளம்பர் வந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு வெகுநேரம் ஏதோ செய்தான். எழுந்து வந்தபோது சிரிக்காமல், பெரிய வேலை ஒன்றை முடித்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தால், கம்பியில் கோத்த ஈய சீல் ஒன்று தொங்கியது. தண்ணீர் மீட்டருக்கு வைப்பது.

"மாமா, இனிமே யாரும் கை வைக்க முடியாது."

அவர் அதை இழுத்துப் பார்த்தார். "முடிச்சு சரியா விழல," என்று சொல்லிப் பிரித்து, தானே சரியாக முடிந்தார். அது இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

முதல் திங்கள்கிழமை ஐந்தேகாலுக்குக் கிளம்பினார்கள். அன்று ஒருநாள் மட்டும் கூட வருகிறேன் என்று அவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. வண்டி சத்தமில்லாமல் வாசலை விட்டு நகர்ந்தது. பாலம் தாண்டியதும் சாலை மேலே தூக்குவதை அவர் பார்த்தார். தான் உட்கார்ந்து எழுந்த மூன்று இடத்தையும் விரலால் காட்டினார்.

"இப்ப எத்தனைங்க?" என்று கேட்டாள். அவளுக்குக் கண் சாலையில்.

"பாக்கல."

"நோட்டு?"

"வீட்ல இருக்கு."

அவள் சிரித்ததாகத் தோன்றியது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை. ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவளை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு, அதாவது அவள் அவரை விட்டுவிட்டு உள்ளே போனதும், அவர் நடந்து இறங்கி பாலத்தில் பஸ் பிடித்தார்.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து சமையலறை ஜன்னல் ஓரமாகவே ஏதோ வேலை இருப்பதுபோல நின்றார். சார்ஜ் ஒயரைச் சுற்றி வைத்தார், பிரித்தார், மறுபடி சுற்றினார். வண்டி வந்தது கேட்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

அவள் உள்ளே வந்து பையைக் கீழே போட்டாள். கால் வலி முகத்தில் தெரிந்தது. அதற்கு மேல் வேறொன்றும் தெரிந்தது. "புது மெஷின் ஆறு இருக்குங்க. மூணு எனக்குப் பழக்கமே இல்ல. நாளைக்கு ஒரு பொண்ணு சொல்லித் தரேன்னு இருக்கா." தண்ணீர் குடித்தாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஞாபகம் வந்தவள்போலச் சொன்னாள். "வர்ற வழியில அந்தச் சரிவுல ஒண்ணு ஏறிச்சு. எண்பத்தி நாலு இருந்தது எண்பத்தஞ்சு ஆச்சு."

அவர் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதுப் பக்கம் புரட்டினார். ஆட்காட்டி விரல் இன்னும் முழுசாக ஆறவில்லை. பேனாவைக் கொஞ்சம் மாற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"எண்பத்தி நாலா?"

"எண்பத்தி நாலு, அப்புறம் எண்பத்தஞ்சு."

தேதி போட்டார். இரண்டு எண்ணையும் எழுதினார். ஸ்கேல் வைத்து வரியின் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குள், இதுவரை எழுதிப் பழக்கமில்லாததால் கொஞ்சம் கோணலாக, 'சொ' என்று எழுதினார்.